பெட்டியின் மேல் வயதை எழுதாதீர்கள்

எங்கள் குடும்பத்தில் மொத்தம் 12 பிள்ளைகள். என் பிள்ளைகள் மூன்று பேர், கொழுந்தனார்கள் இருவரின் பிள்ளைகள் ஐந்து பேர், நாத்தனார்கள் இருவரின் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவனுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு ஏழு மாதம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், செங்காங், பொங்கோல், ஜூரோங் வெஸ்ட் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். ஆனால் சிறிதாகிப் போன உடுப்பெல்லாம் ஈசூனில் என் வீட்டுக்குத்தான் வந்து சேரும். மூத்த மருமகள் நான். முதல் பிள்ளை பிறந்த நாளிலிருந்து, அவற்றைப் பெட்டியில் எடுத்து வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை என் கையில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் எல்லாரையும் போல நானும் பெட்டியின் மேல் “2 முதல் 3 வயது” என்று எழுதி ஒட்டினேன். அது பெரிய தவறு. என் இரண்டாவது மகளும் என் ஓரகத்தியின் மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். மூன்று வயதில் அவன் அவளைவிட ஒரு தலை உயரம். அவனுக்காக எடுத்து வைத்த பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் முழங்காலோடு நின்றுவிட்டது. ஒரு தடவைகூடப் போடாமல் அத்தனையும் அடுத்த பிள்ளைக்குப் போனது.

இப்போது பெட்டியின் மேல் நான் உயரத்தைத்தான் எழுதுகிறேன். ஐரோப்பியக் கடைகளின் உடுப்பில் 86, 92, 98, 104 என்று ஆறு ஆறாக ஏறும் எண் இருக்கும். அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். யூனிக்ளோ மாதிரி ஜப்பானியக் கடைகளில் 100, 110, 120 என்று பத்துப் பத்தாக ஏறும். அதுவும் உயரம்தான். சிக்கல் ஊரிலிருந்து வரும் துணியில்தான். அங்கே 18, 20, 22 என்று போட்டிருப்பார்கள், அது இந்தக் கணக்கில் சேராது. வயது மட்டும் போட்ட துணியையோ கடைக்குக் கடை நம்ப முடியாது. அந்த மாதிரி வந்தால், ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு சட்டையை மேசையில் விரித்து, அதன் மேல் இதை வைத்துப் பாருங்கள். தோளும் தோளும் சேர வேண்டும். கீழே எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஆறு பெட்டிகள்: பிறந்த பிள்ளை, 80 வரை, 81 முதல் 92, 93 முதல் 104, 105 முதல் 116, அதற்கு மேல். ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. வீட்டில் போடும் டீ சட்டையும் அரைக்கால் சட்டையும் யாருக்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பக் குழுவில் எல்லாரும் பிள்ளைகளின் உயரத்தை அனுப்பிவிட வேண்டும். என் சின்ன நாத்தனார் மட்டும் எப்போதும் மறந்துவிடுவாள், அவளுக்கு நானே போன் போட்டுக் கேட்பேன்.

அடுத்தது துவைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துணி கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிள்ளை பால் கக்கிய சட்டையைத் துவைத்துக் காயப்போட்டால் வெள்ளைவெளேரென்று இருக்கும். அதை மடித்து வைத்துவிட்டு எட்டு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி, மார்பில், மஞ்சளாகத் திட்டுத் திட்டாக வந்திருக்கும். கறை புதிதாக வந்ததல்ல. பாலின் புரதமும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியாமல் நூலில் தங்கியிருக்கும், நாளாக ஆகக் காற்றுப் பட்டு மஞ்சளாகிவிடும். அதனால் பெட்டிக்குள் போகும் துணியை நான் இரண்டு தடவை துவைக்கிறேன். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசல். கொதிநீர் வேண்டாம், சூடு பட்டால் பால்கறை நூலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஆக்ஸிஜன் பிளீச் தூள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வழக்கம்போல இயந்திரத்தில் போடுவேன். பட்டுக்கும் கம்பளிக்கும் அந்தத் தூளைத் தொடக்கூடாது.

துணி மென்மையாக்கும் திரவம் போடுவதில்லை. கஞ்சி போடவே கூடாது. சில்வர் ஃபிஷ் என்கிற அந்த வெள்ளிநிறப் பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. இஸ்திரியும் பெட்டிக்கு முன்னால் தேவையில்லை, கண்ணில் படாத கறை ஏதாவது இருந்தால் சூடு அதை நிரந்தரமாக்கிவிடும்.

அப்புறம் காய வைப்பது. சிங்கப்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்தான், விடியற்காலையில் 90ஐத் தாண்டிவிடும். கைக்குக் காய்ந்தது போலத் தெரியும் துணி உள்ளே காய்ந்திருக்காது. நான் மூன்று இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்: இடுப்பு எலாஸ்டிக், சட்டைப் பையின் உள்மூலை, கழுத்துப்பட்டியின் மடிப்பு. கன்னத்தில் சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் கம்பில் போட்டுவிடுவேன். வெயிலிலிருந்தோ உலர்த்தும் இயந்திரத்திலிருந்தோ எடுத்த சூட்டோடு பெட்டியை மூடினாலும் உள்ளே வேர்த்துவிடும். ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்றில் கிடக்கட்டும், மறுநாள் மடிக்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மஞ்சள் ஃபிராக்கினால். என் மாமியார் கையால் தைத்தது, மார்பில் சிறிய சிவப்புப் பூக்கள். மூத்த மகள் போட்டு, நாத்தனார் மகள் போட்டு, திரும்பி வந்தது. டிசம்பர் மழையில், அவசரத்தில், மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த ஆகஸ்டில் மூடியைத் திறந்ததும் பழைய பாய் வாசனை வந்தது. ஃபிராக்கை விரித்தேன். மடிப்பு இருந்த இடம் முழுக்க மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து மூன்று நாள் வெயிலில் போட்டேன். வாசனை போனது, புள்ளி போகவில்லை. மாமியாருக்கு அதற்குள் கை நடுக்கம் வந்துவிட்டது, இன்னொன்று தைக்க முடியாது. அந்தப் பூக்கள் இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலை பிப்ரவரியில்தான். இங்கே மழை மிகக் குறைந்த மாதம் அது. நவம்பர், டிசம்பரில் வரும் துணிகளை மூடாத கூடையில் போட்டு வைத்துப் பிப்ரவரி வரை பொறுத்திருப்பேன்.

பெட்டியை எங்கே வைப்பது? 1990களின் கடைசிக்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் பாம் ஷெல்டர், அதாவது குண்டு விழுந்தால் பதுங்கும் அறை, இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் சாமான் அறையாக வைத்திருக்கிறோம். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு. அதனால் அங்கே வைப்பதென்றால் பெட்டி தரையிலும் படக்கூடாது, சுவரிலும் ஒட்டக்கூடாது. கால் வைத்த இரும்பு அலமாரியில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்துவிட்டு, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம், அதன் பசைக்குக் கரப்பான் வரும். டோயோகோ மாதிரி மூடி இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி வாங்குங்கள்.

ஈரம் உறிஞ்சும் டப்பாவை, அதுதான் தர்ஸ்டி ஹிப்போ, அலமாரித் தட்டில் வையுங்கள், துணிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய தண்ணீர் துணியில் கொட்டினால் பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி படிந்து காயவே காயாது. பெட்டிக்குள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போதும். துணியை வெளியே எடுக்கும்போது அதை எண்ணி எடுத்துவிடுங்கள், குழந்தை கையில் கிடைத்தால் வாய்க்குத்தான் போகும்.

அந்துருண்டை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாப்தலீன் உருண்டை போட்ட துணி ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது, உள்ள குழந்தைக்கு ஆபத்து. அந்த ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலையும் கடும் இரத்தசோகையும் வரலாம். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பையனுக்கு இருக்கிறது. அதனால் பன்னிரண்டு பிள்ளைகளின் துணியிலும் அந்துருண்டை கிடையாது, ஐந்து வீடுகளுக்கும் இதுதான் சட்டம். வெளியிலிருந்து வரும் பழைய துணியில் அந்த வாசனை அடித்தால் நான் வாங்கிக்கொள்வதே இல்லை, யார் கொடுத்தாலும் சரி. பூச்சிக்குப் பயந்தால் கிராம்பைத் துணியில் முடிந்து போடுங்கள், ஆனால் அழுக்கும் வியர்வையும் இல்லாத துணிக்குப் பூச்சி அவ்வளவாக வராது.

பட்டுப் பாவாடைக்குத் தனி வழி. பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று சரிகை கறுத்துவிடும். நன்றாகத் துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போதே தேக்காவில் தையல்காரரிடம் கீழே நான்கு அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லிவிடுங்கள். இடுப்பிலும் பக்கத் தையலில் துணி விடச் சொல்லுங்கள். எங்கள் அரக்குப் பாவாடை ஒன்று இப்படி நான்கு பெண்களுக்குத் தீபாவளி ஆகிவிட்டது. மடிப்பைப் பிரித்தால் பழைய தையல் கோடு தெரியும், அதன் மேல் மெல்லிய சரிகை பார்டர் வைத்து மறைத்துவிடலாம்.

பள்ளிச் சீருடையை அண்ணன் தம்பி ஒரே பள்ளி என்றால் மட்டும் வையுங்கள். தொடக்கநிலை 1 பதிவில், அண்ணனோ அக்காவோ அங்கே படித்துக்கொண்டிருந்தால் முதல் கட்டத்திலேயே பதியலாம் என்பதால் பெரும்பாலும் ஒரே பள்ளியாகத்தான் அமையும். இரண்டு செட் போதும். இல்ல (பள்ளியில் பிள்ளைகளைப் பிரிக்கும் ‘ஹவுஸ்’ அணி) நிற டீ சட்டையை எடுத்து வைக்காதீர்கள், தம்பிக்கு வேறு இல்லம் கிடைத்தால் அது வீண்.

இனி மனிதர்கள் விஷயம். கொடுத்ததா, இரவலா என்பது தெளிவாக இல்லாவிட்டால் மனஸ்தாபம் வந்துவிடும். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: திரும்பி வர வேண்டியதற்குக் கழுத்தின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. நூல் இல்லாவிட்டால் அது உங்களுடையது, கறையானாலும் கிழிந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சிவப்பு நூல் மொத்தமே பத்துப் பன்னிரண்டு உடுப்பில்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் வாங்குகிறவருக்குப் பாரம். கேட்காமல் மூட்டை கட்டி அனுப்புவதும் கூடாது. நான் துணிகளைத் தரையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்புவேன், வேண்டியதை அவர்களே சொல்வார்கள். “அண்ணி, இது வேண்டாம்” என்று சொல்ல என் சின்ன ஓரகத்திக்கு இரண்டு வருடம் ஆனது. அவள் வாய் திறந்து சொன்ன அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி.

பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. என் கடைசி மகன் ஐந்து வயதில், “எனக்குன்னு ஒரு சட்டைகூட இல்லையா அம்மா?” என்று கேட்டான். அன்றிலிருந்து பிறந்த நாளுக்கும் தீபாவளிக்கும் கட்டாயம் புதுசு. மற்ற நாளுக்குப் பெட்டியை அவன் முன்னால் வைத்துவிடுவேன், அவனே பொறுக்கி எடுப்பான். அவன் தொடாததைக் கட்டாயப்படுத்திப் போடுவதில்லை.

வெளியேற்றும் கணக்கும் இருக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 40 உருப்படி, அதற்கு மேல் ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். எலாஸ்டிக்கை இழுத்தால் நறநறவென்று சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது. துணி நன்றாக இருந்தால் எலாஸ்டிக்கை மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பட்டனில் துரு இருந்தால் பக்கத்துத் துணியையும் கெடுக்கும். நல்லதாக இருப்பதைச் சால்வேஷன் ஆர்மிக்குக் கொடுக்கிறோம். சாயம் போன பருத்திச் சட்டைகள் அடுப்படித் துணியாகும்.

பிறந்த பிள்ளைப் பெட்டியை மட்டும் நான் எப்போதும் காலியாக விடுவதில்லை. எங்கள் பக்கம் குழந்தை பிறக்கும் முன்னால் புதுத்துணி வாங்கும் பழக்கமில்லை, முதலில் போடுவதும் மூத்த பிள்ளைகள் போட்டு மெத்தென்று ஆன பழைய சட்டைதான். மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் அந்தப் பெட்டி உடனே புறப்பட வேண்டும். பொங்கோலில் சின்னக் கொழுந்தனார் மனைவிக்கு இது ஏழாம் மாதம். முடிச்சுப் போடும் பருத்திச் சட்டை எட்டு, தொட்டில் துணி மூன்று, குல்லா இரண்டு இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை வெயில் இருந்தால் எல்லாவற்றையும் இன்னொரு முறை அலசிக் கம்பில் போட வேண்டும்.