செப்பிலோக் போறீங்களா, சண்டாக்கான் டவுன்ல தங்காதீங்க

கோலாலம்பூர்ல இருந்து கிழக்கு மலேசியாவுல இருக்குற சபா மாநிலத்துக்குப் போற நம்ம ஆளுங்க பாதி பேரு சண்டாக்கான் டவுன்ல ஹோட்டல் போட்டுட்டு, காலையில 10 மணிக்கு ஓராங் ஊத்தானுக்கு சாப்பாடு வைக்கிறத பாத்துட்டு கிளம்பிடுறாங்க. மனசு கேக்கல. டவுன்ல இருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, செப்பிலோக் ஓராங் ஊத்தான் சென்டருக்கு நடந்தே போற தூரத்துல காட்டு லாட்ஜுங்க இருக்கு, ஒரு ராத்திரியாவது அங்க தங்குங்க.

சபாவுல இமிகிரேஷன் தனி. மைகார்ட் (அடையாள அட்டை) எடுத்துக்குங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்). அங்க குடுக்குற துண்டுச் சீட்ட பத்திரமா வைங்க.

டைம் நம்ம டைம்தான், ஆனா சூரியன் ஒரு மணி நேரம் முந்திடும், சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும். அந்த நேரத்துலதான் பக்கத்துல ரெயின்ஃபாரஸ்ட் டிஸ்கவரி சென்டர்ல பெரிய சிவப்பு பறக்கும் அணில் மரம் விட்டு மரம் சறுக்கிப் போகும், டவுன்ல தங்குனா இத விட்டுட்டு ஓடணும். ராத்திரி நடைக்கு பகல்லயே பேரு குடுத்து வைங்க.

சாப்பாடு சைவம்னா ரூம் புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, வெறும் சயூர்னு (காய்கறி) சொன்னா பெலாச்சான் (இறால் விழுது) போட்டுதான் வரும், முட்டை வேணாம்னா "தெலோர் பூன் தாக் போலே"னு (முட்டையும் கூடாது) தெளிவா சொல்லுங்க.

ஓராங் ஊத்தான் சென்டர்ல பை, தண்ணி, சாப்பாடு எல்லாம் லாக்கர்ல வச்சிடணும், குரங்கு பிடுங்கிட்டுப் போயிடும். கொசு மருந்தும் கொண்டு போகக் கூடாது, ஓராங் ஊத்தானுக்கு விஷம், அதனால முழுக்கை சட்டை போடுங்க. இருமல் சளி இருந்தா தயவுசெஞ்சு போகாதீங்க, நம்ம நோவு அதுங்களுக்கும் ஒட்டும்.

1964-லேர்ந்து அம்மா இல்லாத குட்டிங்கள வளத்து காட்டுக்கு அனுப்புற இடம் இது. சாப்பாடு தினம் ஒரே மாதிரிதான் வைப்பாங்க, சலிச்சுப் போயி அதுங்களே காட்டுல பழம் தேடட்டும்னு வேணும்னேதான். பழ சீசன்ல மேடைக்கு ஒண்ணுகூட வராம போகலாம், பிள்ளைங்க அழுதா இத எடுத்துச் சொல்லுங்க, வரலன்னா அது காட்டுலயே வயிறு நிறைஞ்சிருக்குனு அர்த்தம்.

பக்கத்துலயே சூரியக் கரடி சென்டர், நம்ம புக்கிட் மெர்தாஜாம்காரரு வோங் சியூ தே 2008-ல ஆரம்பிச்சது. உலகத்துலயே சின்ன கரடி இதுதான். கூண்டுல செல்லமா அடைச்சு வளத்ததால மரம் ஏறவே தெரியாம வந்ததுங்கள இங்க ஏறப் பழக்குறாங்க. நெஞ்சுல இருக்குற மஞ்சள் அடையாளம் ஒவ்வொண்ணுக்கும் வேற மாதிரி. அவசரப்படாம ஒரு மணி நேரம் நில்லுங்க, மரத்து உச்சியில படுத்துத் தூங்குறதும் கண்ணுல படும்.