மலை விடுதிக்கு வருகிறவர்களை இரண்டு நாள் நன்றாக வைத்துக்கொள்வது எப்படி

வேலூர் வெயிலை விட்டு ஜவ்வாது மலைக்கு ஏறி வருகிறவருக்கு வீட்டில் கட்டில், மெத்தை, டிவி எல்லாம் இருக்கிறது. வீட்டில் கிடைக்காதவை இரண்டுதான்: இருட்டு, அமைதி. பழைய வட ஆர்க்காடு பிரிந்து, இந்த மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. எந்தப் பக்கம் நான்கு அறை கட்டி விடுதி நடத்தினாலும் நம்மிடம் இருக்கும் சரக்கு இந்த இரண்டுதான். சாப்பாடு, வெந்நீர், வழித்துணை எல்லாம் அவர் அதை நிம்மதியாக அனுபவிப்பதற்கான ஏற்பாடு. பத்துப் பேர் தங்கும் விடுதியை மனதில் வைத்துக் கீழே உள்ள கணக்குகளைச் சொல்கிறோம்.

வேலை போனிலேயே ஆரம்பிக்கிறது

முன்பதிவுக்குப் போன் வரும்போதே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். சிக்னல் எந்தப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும், மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் என்ன ஓடும், என்ன ஓடாது, ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட முடியாது, ஏ.சி. கிடையாது. இதைக் கேட்டுச் சிலர் வேண்டாம் என்பார்கள். அப்படி நின்றுபோகும் முன்பதிவால் நஷ்டம் இல்லை. சொல்லாமல் விட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் ஸ்பீக்கரை எடுத்து வைத்தால், மற்ற மூன்று அறைக்காரர்களின் இரவும் போய்விடும்.

நேரத்தை மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: மாலை நான்கு மணிக்குள் வந்து சேர வேண்டும். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பழக்கமில்லாதவர் இருட்டில் வண்டி ஓட்டி வந்தால், பாதி இரவு அந்தப் படபடப்பிலேயே போகும். பெட்ரோல், ரொக்கம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை மூன்றையும் ஒடுகத்தூரிலோ ஆலங்காயத்திலோ, எந்த அடிவார ஊர் வழியாக வருகிறார்களோ அங்கேயே முடித்துவிடச் சொல்லுங்கள். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர்

மலையில் விருந்தாளி முதலில் முகம் சுளிப்பது தண்ணீரில்தான். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் என்று வைத்தால், பத்துப் பேருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. அதனால் இரண்டு தொட்டி வேண்டும், ஒன்று எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கிணறு கலங்கும். தொட்டித் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நடைமுறை அளவு. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. சின்ன வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிடம் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். டப்பா பழசாகி வாசம் போயிருந்தால் அந்தப் பவுடரில் சத்து இல்லை, புதுசு வாங்குங்கள். குடிக்கும் தண்ணீரை இதையும் தாண்டி, தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றித்தான் வைக்க வேண்டும்.

வெந்நீருக்கு விறகு பாய்லர் போதும். குளிர்காலக் காலையில் 20 லிட்டர் வாளிக்கு ஐந்தாறு லிட்டர் கொதிநீர் கலந்தால் பதமாக இருக்கும். பத்துப் பேருக்கு 60 லிட்டர் கொதிநீர். சின்ன பாய்லரில் இரண்டு மூன்று தடவை நிரப்ப வேண்டும் என்பதால், ஆறரைக்கு முதல் ஆள் குளிக்க வேண்டுமானால் ஐந்தரைக்கே பற்றவையுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர். குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு வாளியை விளாவித்தே கொண்டுபோய் வையுங்கள்.

சாப்பாடு

மலைக்கு வந்தவருக்குப் பன்னீர் பட்டர் மசாலா செய்து போட வேண்டிய அவசியம் இல்லை. இங்கே மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்கள் விளைவிக்கும் சாமை இருக்கிறது, மலைத்தேன் இருக்கிறது, பருவத்தில் பலாவும் சீத்தாவும் இருக்கின்றன. அடிவாரத்தில் அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தால் சாமைச் சோற்றுக்கு அப்படிப் பொருந்தும்.

சாமையில் பெரும்பாலும் தப்பு நடப்பது கல்லில். கையால் பொறுக்கினால் போகாது, அரிக்கத்தான் வேண்டும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஆட்டி ஆட்டி, மேலே மிதந்து வருவதை இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். அடியில் கடைசி ஒரு பிடி நிற்கும்போது ஆசைப்படாமல் அதைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள், கல்லெல்லாம் அந்த ஒரு பிடியில்தான் கிடக்கும். அரை மணி ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு சாமையைப் போட்டு, தண்ணீர் வற்றியதும் தணலில் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். இடையில் கிளறினால் களியாகிவிடும். பத்துப் பேருக்கு ஒரு கிலோ. முதல் நாள் இரவே முழுச் சாமைச் சோறு போட வேண்டாம், பக்கத்தில் அரிசிச் சோறும் இருக்கட்டும். பழக்கமில்லாத வயிறு.

சாப்பாட்டை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் அவர்கள் ஊரில் கிடைக்காதது.

இருட்டைக் காட்டுவது

இந்த மலையின் இருட்டு சாதாரணமானதல்ல. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் 1960-களின் கடைசியிலேயே வானாய்வுக் கூடம் அமைத்தார்கள். 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தது, இன்று அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதைக் காட்டிய அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட வானத்துக்குக் கீழே இருந்துகொண்டு முற்றத்தில் வெள்ளை டியூப் லைட் எரிய விடுவது பெரிய வீண்.

விளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். வெளியே இருக்கும் பல்பெல்லாம் மூன்று வாட், 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. போதும். ஒவ்வொன்றுக்கும் மேலே தகர மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்யுங்கள். பல்பு கண்ணுக்கு நேராகத் தெரியாமல், படி மட்டும் தெரிந்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எட்டரைக்கு முற்றத்து விளக்கு எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் அணைக்கும்படி வயரிங் இருக்க வேண்டும். கழிப்பறை வழியில் மட்டும் கணுக்கால் உயரத்தில் ஒரு சின்ன விளக்கு விடுங்கள்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருவர் செல்போனைத் திறந்தால் போதும், பழகிய கண் கெட்டு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ஆகவே போன்களை அறையில் வைத்துவிட்டு வரச் சொல்லி, ஆளுக்கு ஒரு சிவப்பு டார்ச் கொடுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. தார்ப்பாய் விரித்து அதன் மேல் ஜமக்காளம், ஆளுக்கு ஒரு கம்பளி. நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், படுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் நகரமாட்டார்கள்.

எதைக் காட்டுவது? கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அது வானத்தில் சுமார் பத்து டிகிரி. பிள்ளைகளுக்கு முதலில் இந்த அளவைச் சொல்லிக்கொடுங்கள். வடக்கே ஒரு முஷ்டியும் கொஞ்சமும் மேலே துருவ நட்சத்திரம். நம் ஊர் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி என்பதால் அதுவும் அவ்வளவு தாழ்வாகவே நிற்கும். அடிவானத்தில் மலை மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். பிப்ரவரியில் ஒன்பது மணிக்குத் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் பளிச்சென்று ஒன்று தெரியும், அகத்திய நட்சத்திரம். அதே நேரத்தில் தலைக்கு மேலிருந்து மேற்காக வந்தால் திருவாதிரை, ரோகிணி, அதற்கடுத்துக் கொத்தாகக் கார்த்திகை. பாட்டியின் நட்சத்திரம் ரோகிணி என்று பஞ்சாங்கத்தில் மட்டும் தெரிந்த பெயரை, ஆரஞ்சு நிறப் புள்ளியாக முதல் தடவை நேரில் பார்க்கும் ஆள் சட்டென்று எழுந்து உட்காருவார். மே மாதம் ஒன்பது மணிக்குத் தெற்கே, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே சிலுவைபோல நான்கு நட்சத்திரம் தெரியும், திரிசங்கு.

நிலவைப் பார்த்துத் தேதி கொடுங்கள். அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் முழுக்க இருட்டு. பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாளிலிருந்தும் பரவாயில்லை, நிலவு பத்து மணி சுமாருக்குத்தான் எழும். அதுவரை வானம் நமக்கு. பௌர்ணமியன்று வருகிறவர்களிடம் நட்சத்திரம் காட்டுவதாகச் சொல்லாதீர்கள். அன்றைக்கு நிலா வெளிச்சத்தில் பாறை மேல் சாப்பாடு போடலாம்.

நெருப்பு

எல்லாரும் கேம்ப் ஃபயர் கேட்பார்கள். பிப்ரவரியிலிருந்து கோடை மழை இறங்கும்வரை திறந்த நெருப்பு கூடவே கூடாது, எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. காய்ந்த மலைப்புல் வழியாகத் தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

மற்ற மாதங்களில் ஒரு மீட்டர் குழி, சுற்றிலும் மூன்று மீட்டர் செதுக்கிய தரை, இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். விறகு சொந்தப் பட்டா நிலத்தினதாக இருக்க வேண்டும், காப்புக்காட்டில் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. முடித்தபின் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேல் காட்டிப் பாருங்கள். சூடு உறைத்தால் இன்னும் அணையவில்லை.

காலை நடை

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அது இல்லாத நாளில் கிராமப் பாதையே போதும். ஆறு மணிக்குக் கிளம்பி மூன்று கிலோமீட்டர், எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒரு ஊர்க்காரர், பின்னால் ஒருவர். பின்னால் வருகிறவர்தான் முக்கியம், ஏனென்றால் போட்டோ எடுக்க நின்றவர்தான் வழி தவறுகிறார். ஊர்க்காரரின் கூலியை விருந்தாளி கண் முன்னால் பேரம் பேசாதீர்கள். வீட்டு வாசல்களில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அமைதி நம் சரக்கு என்று சொன்னோம். ஆனால் இங்கே ஒரு விலக்கு உண்டு. விடியலிலும் அந்தியிலும் கரடி நடமாடும். சத்தமே இல்லாமல் திருப்பத்தில் போய் அதன் முன்னால் நிற்பதுதான் ஆபத்து. புதர் மண்டிய இடத்தில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். பாறையில் மலைத்தேனீ அடை தொங்கினால் அதன் கீழே புகையும் வேண்டாம், சென்ட் பூசியவரும் வேண்டாம்.

பாம்பும் உண்ணியும்

இரவில் தரையில் பாய் போட்டு யாரையும் தூங்க வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். கடித்தது பல நேரம் வலிக்காது, காலையில் வயிற்று வலியோடு கண் இமை தொங்கும்போதுதான் தெரியும். கட்டில் வேண்டும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருக வேண்டும். கடிபட்டால் ரத்த ஓட்டம் நிற்கும்படி இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது, அங்கிருந்து வேலூருக்கு எவ்வளவு நேரம் என்பதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 108-க்குப் போன் செய்துவிட்டுச் சும்மா காத்திருக்காமல் எதிரே இறங்கிப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். அதற்காகவே தினமும் இரவு ஒரு வண்டி வாசலைப் பார்த்து நிற்க வேண்டும், சாவி ஒரே ஆணியில் தொங்க வேண்டும்.

பாம்பைவிடச் சத்தமில்லாத ஒன்று உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). வேலூர் வட்டாரத்தில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம் வரும் நோய் இது. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்துப் பரவுகிறது. புல்லில் நேராக உட்காரக் கூடாது, நடந்து வந்ததும் துணி மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். காய்ச்சல் உடனே வராது, ஆறு நாளிலிருந்து மூன்று வாரம்வரை ஆகலாம். அதற்குள் விருந்தாளி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டிருப்பார், அங்குள்ள டாக்டருக்கு மலை ஞாபகம் வராது. அதனால் கிளம்பும்போது தேன் பாட்டிலோடு ஒரு சின்ன அட்டையையும் கையில் கொடுங்கள். அதில் இவ்வளவு எழுதினால் போதும்: ‘இந்தத் தேதிகளில் ஜவ்வாது மலையில் தங்கினேன். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் சிகரெட் சுட்டதுபோலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள்.’ சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மாத்திரையிலேயே குணமாகிற நோய் அது. தேதியைக் கையால் எழுதி, அட்டையை அவர் பர்ஸில் வைத்த பிறகே வண்டியை அனுப்புங்கள்.