தோள் அடிபட்ட பிறகு பிக்கப் பின்கதவுக்கு டம்பர் பொருத்திய முறை

சென்ற ஐப்பசி மழையில் வாய்க்கால் வரப்பில் வழுக்கி, ஊன்றிய வலது கையின் மேலேயே விழுந்தேன். தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளில் ஒன்றின் நார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, ஆறு வாரம் கைத்தொட்டில், அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: கனத்தை மெதுவாகத் தூக்குவதைவிட, திடீரென்று விழுகிற கனத்தைக் கை நீட்டித் தாங்குவதுதான் இந்தத் தோளுக்கு ஆபத்து.

எனக்குத் தென்னந்தோப்பு. உரம், தேங்காய், மோட்டார் என்று எல்லாம் பிக்கப்பில்தான் போகும். அதன் பின்கதவு ஏறத்தாழ ஓர் அரிசிச் சிப்பத்தின் கனம் இருக்கும். கைப்பிடியை இழுத்ததும் தாழ்ப்பாள் விடும், கதவு விழும், இரண்டு பக்கமும் உள்ள இரும்புக் கம்பிவடம் விறைத்து அதை நிறுத்தும். அடிபடுவதற்கு முன் வலது கையால் பிடித்து இறக்குவேன். அதாவது, செய்யவே கூடாது என்று அவர் சொன்ன வேலையை நாளுக்குப் பத்து முறை செய்துகொண்டிருந்தேன். இது குறிப்பிட்ட ஒரு வண்டியின் குறை அன்று. டம்பர், அதாவது கதவு விழும் வேகத்தை எண்ணெயால் தடுக்கும் உருளை, இல்லாத எந்தப் பிக்கப்பிலும், இசுசு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ, கதவு விழத்தான் செய்யும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டம்பர் கதவை மெதுவாக இறக்கும். மூடும்போது தூக்கிக் கொடுக்காது. தூக்கவும் உதவ வேண்டுமானால், கதவு இறங்கும்போது முறுகி, மூடும்போது திமிறித் தூக்கிக் கொடுக்கும் முறுக்குத் தண்டு வேண்டும். அமெரிக்காவில் 2014 செவ்ரோலே சில்வராடோவில் அப்படி ஒன்றைக் கதவுக்குள்ளேயே வைத்தார்கள். நம் வண்டியில் பின்னாளில் அதைச் செய்வது பெரிய வேலை. மூடுவதற்கு நான் கண்ட வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எதை வாங்குவது

என்னை மூன்று வாரம் அலைக்கழித்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டும் பின்கதவு டம்பரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கறுப்பு உருளை, பளபளக்கும் தண்டு, இரு முனையிலும் குண்டு மாட்டும் குழி. பழைய உதிரிபாகக் கடையில் நீளம் சரியாக இருந்த ஒரு கேஸ் தண்டை மலிவாக வாங்கி வந்து மாட்டினேன். மைத்துனர் கைப்பிடியை இழுத்ததும் கதவு விழவில்லை, பாய்ந்தது. கம்பிவடம் விறைத்த சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டது. பின்னால் யாரும் நிற்காதது எங்கள் நல்ல நேரம். மூடப் போனால் முன்பைவிட ஒன்றரை மடங்கு கனம்.

காரணம் எளிது. கேஸ் தண்டுக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கிறது. அது தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உருளையின் மேல் 400 நியூட்டன் என்று அச்சடித்திருந்தால், ஏறத்தாழ 40 கிலோ எடை தரும் அழுத்தம் என்று பொருள். நம் பின்கதவு திறக்கும்போது மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. தூரம் கூடும் திசையில் தள்ளும் தண்டு, கதவைத் தாங்காமல் பிடித்துத் தள்ளிவிடும்.

நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: இழுத்தால் எண்ணெய் தடுக்க வேண்டும், அமுக்கினால் எளிதில் உள்ளே போக வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி அமுக்குங்கள். இரண்டு கையால் அமுக்கியும் அசையாமல் நின்றாலோ, விட்டதும் விருட்டென்று வெளியே வந்தாலோ அது கேஸ் தண்டு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எளிதில் உள்ளே போய், வெளியே இழுக்கும்போது தேனுக்குள் கரண்டியை இழுப்பதுபோலக் கனத்தால் அது டம்பர். அடிபட்ட தோளால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

உங்கள் வண்டி மாடலுக்கென்றே விற்கும் கிட் கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். பட்டை, குண்டுத்தலை போல்ட், வாஷர் எல்லாம் அளவெடுத்து வரும். கதவில் துளை போட வேண்டியிருக்காது. துளை போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. போட்ட இடத்தில் முதல் மழைக்கே துரு பிடிக்கும். கதவுக்குள் தாழ்ப்பாள் கம்பி ஓடுகிறது, துளைக்கருவி அதில் பட்டால் தனிச் செலவு.

அளவு

பொதுவான டம்பர் வாங்குபவர்களுக்குத்தான் இது. கிட் வாங்கியவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

மேல்முனை, வண்டித் தொட்டியின் தூணில் கம்பிவடம் மாட்டியிருக்கும் போல்ட்டில் வரும். கீழ்முனை, கதவின் பக்கவாட்டில், கீலிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி. கதவு மூடியிருக்கும்போது இந்த இரண்டு புள்ளிக்கும் இடைத்தூரம், முழுதும் திறந்திருக்கும்போது இடைத்தூரம் ஆகிய இரண்டையும் எடுங்கள். மூடிய நிலையில் டேப் உள்ளே நுழையாது. ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அளந்தேன்.

என் வண்டியில் மூடினால் 230 மி.மீ., திறந்தால் 345 மி.மீ. வந்தது. முழுதாகச் சுருங்கினால் 215, முழுதாக நீண்டால் 355 மி.மீ. உள்ள டம்பர் அதற்குப் பொருந்தியது. இரண்டு பக்கமும் 10 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும். கதவை இறுதியில் நிறுத்துவது கம்பிவடத்தின் வேலை. டம்பர் முதலில் முட்டிவிட்டால், திறந்த கதவின் மேல் உட்காருபவரின் எடை முழுவதும் விரல் தடிமன் தண்டில் இறங்கும், குண்டுத்தலை பிய்ந்துவிடும். "டம்பர்தான் வந்துவிட்டதே" என்று கம்பிவடத்தைக் கழற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கருவிகள்

ராட்சட், நல்ல ஸ்டார் பிட் தொகுப்பு, ஸ்பேனர், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், துரு இளக்கும் எண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், ஊசி. ராட்சட்டின் கைப்பிடி நீளமானதாக இருக்கட்டும். இடக்கையால் வேலை செய்பவருக்கு நீளம்தான் பலம். கூடவே ஓர் ஆள். இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

பொருத்துதல்

கதவைத் திறந்து, அதன் கீழே முக்காலியோ உரித்த மட்டை நிரப்பிய சாக்கோ வைத்து எடையைத் தாங்குங்கள். ஒரு பக்கக் கம்பிவடத்தை மட்டும்தான் கழற்றப் போகிறோம். இருந்தாலும் மறுபக்க வடத்தை மட்டும் நம்பக் கூடாது. கழற்றும் முன் கம்பிவடத்தின் வளையம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தூணில் உள்ள போல்ட்டின் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி இருந்தது. அதில் பிட்டை வைத்தேன். டி-50 அளவு உட்காரவில்லை, அதைவிடச் சிறிய டி-45 உட்கார்ந்தது. அதனால் டி-45தான் என்று முடிவு செய்து திருகினேன். பிட் வழுக்கி, குழியின் இரண்டு முனைகள் மழுங்கிவிட்டன. விளக்கு அடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: குழியின் அடியில் பொட்டாஷ் தூளும் மண்ணும் சேர்ந்து கல்போல இறுகியிருந்தன. உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இது சாதாரணம். ஊசியால் குத்திக் கிளறி, பிரஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். காலையில் சாம்பல் நிறக் கூழாக எல்லாம் வெளியே வந்தது. டி-50 பிட்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் ஆடாமல் உட்கார்ந்தது. ஒரே இழுப்பில் போல்ட் இளகிவிட்டது.

உங்கள் வண்டியில் அளவு வேறாக இருக்கலாம். உள்ளே போவதில் பெரிய பிட் எதுவோ, வைத்து அசைத்தால் ஆடாதது எதுவோ, அதுதான் சரியானது. குழியைச் சுத்தம் செய்யாமல் முடிவு செய்யாதீர்கள். அறுகோண ஆலன் கீயை நட்சத்திரக் குழியில் விட்டுத் திருகுவது அந்த போல்ட்டைக் கொல்லும் வேலை. மலிவான பிட் தொகுப்பும் வேண்டாம். இந்த ஒரு கருவிக்கு நல்ல விலை கொடுக்கலாம்.

பழைய போல்ட் இருந்த இடத்தில் கிட்டில் வந்த குண்டுத்தலை போல்ட்டை வையுங்கள். தூணுக்கும் போல்ட் தலைக்கும் இடையில் கம்பிவடத்தின் வளையம் வர வேண்டும். இப்போது அந்தப் படத்தைப் பாருங்கள். வளையம் முன்பு இருந்த அதே சாய்வில் நிற்க வேண்டும். கதவு மூடும்போது கம்பிவடம் எந்தப் பக்கம் மடியும் என்பதை இந்தச் சாய்வுதான் தீர்மானிக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது வளையமும் சேர்ந்து சுழலும், அதனால் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை நாங்கள் பிடிக்கவில்லை. கம்பிவடம் டம்பருக்கும் தூணுக்கும் நடுவில் மடிந்து, தாழ்ப்பாள் விழவே இல்லை.

கீழ்முனைப் பட்டையை, கதவின் பக்கவாட்டில் கீலருகே ஏற்கெனவே உள்ள போல்ட்டில் வைத்து இறுக்குங்கள். பிறகு டம்பர். உருளையில் அம்புக்குறி இருந்தால் அதன்படி. இல்லையென்றால் உருளை மேலே, தண்டு கீழே. அப்படி வைத்தால் தண்டு வெளியே வரும் வாயிலில் உள்ள ரப்பர் எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்கும், சீக்கிரம் கசியாது. டம்பர் முனையில் உள்ள குழியின் பின்னால் இருக்கும் சிறு கம்பிக் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மயிரிழை தூக்கி, குண்டின் மேல் அமுக்கினால் 'டக்' என்று உட்காரும். கிளிப்பை முழுதாகப் பிடுங்கிவிடாதீர்கள், புல்லுக்குள் விழுந்தால் கிடைக்காது.

சோதனை

கதவை மிக மெதுவாக, இரண்டு பேராக, பாதி வரை மூடித் திறந்து பாருங்கள். டம்பர் எதிலும் உரசக் கூடாது. பிறகு முழுதாக மூடுங்கள். திறக்கும்போது பக்கவாட்டில் நில்லுங்கள்.

முதல் ஒரு சாண் தூரம் கதவு சற்று வேகமாகத்தான் வரும். டம்பர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கதவு நிமிர்ந்திருக்கும்போது டம்பருக்கு நெம்பும் பலம் குறைவு, சாயச் சாயக் கூடும். பிடிப்பு விழுந்ததும் மூன்று நான்கு நொடிகளில் கதவு தானாக இறங்கி, கம்பிவடம் சத்தமில்லாமல் விறைக்கும். கைப்பிடியை இடக்கை விரல்களால் இழுத்துவிட்டு ஓர் அடி விலகிக்கொள்கிறேன். வலது கை சட்டைப்பையில்.

மூடுவது

முன்பு கையை நீட்டிக் கதவின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவேன். இப்போது கதவின் பக்கவாட்டில், உடம்பு ஒட்டும்படி நின்று, இடது உள்ளங்கையைக் கதவின் அடியில் கொடுத்து, முழங்காலை மடக்கி நிமிர்கிறேன். தூக்குவது கால்தான், கை வெறும் முட்டு. கதவு நெஞ்சு உயரம் வந்ததும் இடுப்பால் தள்ளிவிடலாம். இரண்டு கையும் முடியாதவர்கள் மூடுவதற்கு ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

பிறகு சேர்த்தது

படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயங்கள் எனக்கே தோன்றாதவை.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவரின் வண்டியில் தொட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறது. அதன் விளிம்பு தூண் போல்ட்டை மூடிவிடுவதால், டம்பர் மாட்டியதும் அதன் முனைக்குழி உறையின் விளிம்பில் இடித்திருக்கிறது. விளிம்பில் நாலு விரல் அகலம் வெட்டிவிடச் சொன்னேன், சரியாகிவிட்டது. போல்ட்டுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி வெளியே கொண்டுவர வேண்டாம். போல்ட் மரைக்குள் இறங்கும் ஆழம் குறைந்துவிடும்.

கோத்தகிரியிலிருந்து ஒருவர், மார்கழிக் காலையில் கதவு பாதியில் நின்று நின்று வருகிறது என்றார். குளிரில் எண்ணெய் இறுகுவதால் அப்படி ஆகிறது. கையால் அழுத்தி இறக்காதீர்கள், தானாக வரட்டும். வெயில் ஏறினால் வழக்கமான வேகத்துக்கு வந்துவிடும்.

நீளமான பைப் ஏற்றுவதற்காகக் கதவையே கழற்றும் பழக்கம் உள்ளவர்கள், கம்பிவடத்தை எடுக்கும் முன் டம்பரின் கீழ்முனையைக் கிளிப் தூக்கிக் கழற்றிவிடுங்கள். என் மைத்துனர் மறந்துபோய்க் கதவை அப்படியே தூக்கிவிட்டார். தண்டு லேசாக வளைந்தது. வளைந்த தண்டு ரப்பரைக் கிழித்து, ஒரே வாரத்தில் உருளையின் கீழே எண்ணெய் வழிந்தது. இரண்டாவது டம்பர் வாங்கி மாட்டியாகிவிட்டது. மாதம் ஒருமுறை தண்டைத் துணியால் துடைக்கும்போது துணியில் எண்ணெய்க் கறை படிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.