அதிக ஐஎஸ்ஓ: படத்தைக் கெடுக்கும் தவறுகள்

சித்தி மகளின் கல்யாணம் ஊர்க் கோயிலில் நடந்தது. விடியற்காலை முகூர்த்தம். முன்மண்டபத்தில் இரண்டே இரண்டு டியூப்லைட். ஐஎஸ்ஓ என்பது படத்தை எவ்வளவு வெளிச்சமாகக் காட்ட வேண்டும் என்று கேமராவில் வைக்கும் எண். ‘ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் படம் மணல் மணலாக வரும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, 800-லேயே நிறுத்திக்கொண்டேன். ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடும் கதவின் வேகம், 1/15 வினாடிக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாரின் விரல்கள் வெறும் மஞ்சள் கோடுகளாக இழுபட்டுக் கிடந்தன. 6400 வைத்திருந்தால் 1/100-க்கு மேலேயே கிடைத்திருக்கும். கொஞ்சம் மணல் இருந்திருக்கும், ஆனால் முடிச்சு தெரிந்திருக்கும். மணலைப் பிறகு ஓரளவு சலித்தெடுக்கலாம். இழுபட்ட விரலை எதைக் கொண்டும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் ஐஎஸ்ஓவுக்குப் பயப்படுவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன்.

அந்த மணல், அதாவது நாய்ஸ், எங்கிருந்து வருகிறது? தூறல் விழும்போது முற்றத்தில் நாலு டம்ளரை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏழு துளி விழும், பக்கத்தில் பதினொன்று விழும். அதுவே அடைமழை என்றால் நாலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிரம்பும். கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பதியும் சென்சாரில் விழும் ஒளித்துகள்களும் இப்படித்தான். ஒரு பிக்சலுக்கு 10,000 துகள் வந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் வந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். ஐஎஸ்ஓவை ஏற்றும்போது சென்சாருக்குக் கூடுதலாக ஒரு துளி வெளிச்சமும் வருவதில்லை. வந்த சமிக்ஞையைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மணலுக்கு மூல காரணம் வெளிச்சப் பஞ்சம்.

இது புரிந்தால் அடுத்த தவறும் தெரிந்துவிடும். லென்ஸைத் திறக்காமல் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றுவது. கேமராவோடு வரும் கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 6400 தேவைப்பட்ட இடத்தில் 640-ஐ ஒட்டி எடுத்துவிடலாம். புது கேமராவுக்குக் காசு சேர்ப்பவர்கள் முதலில் இந்த லென்ஸை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, ‘ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துக்கொள்கிறேன், கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றிக்கொள்கிறேன்’ என்பவர்களும் உண்டு. கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் இதைச் செய்யவே கூடாது. கருங்கூந்தலில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக எழும்பும். சென்சார் தந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் சில புதிய கேமராக்கள் தாங்கும், பழையவற்றில் நிழல் பகுதியில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

இதற்கு நேரெதிரான மறதி ஒன்று இருக்கிறது. ராத்திரி வைத்த 3200-ஐ மாற்றாமல் காலை வெயிலில் எடுப்பது. ஐஎஸ்ஓ இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றாகப் பிடிக்கும் திறன் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையும். வெள்ளை வேட்டியின் மடிப்பு வெறும் வெள்ளையாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெச்1, ஹெச்2 என்று மெனுவின் கடைசியில் வரும் எண்களையும் நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் கணக்குப் போட்டு வெளிச்சம் ஏற்றுபவை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது நாய்ஸ் குறைப்பை உச்சத்தில் வைப்பதுதான். பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்னமும் மாங்காயும் இழை இழையாக இருந்த இடம் வெண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று ஆகியிருக்கும். தலையில் வைத்த மல்லிகைச் சரம் ஒரே வெள்ளைப் பூச்சாகிவிடும். ஜேபெக்கில் எடுப்பவர்கள் அந்த அமைப்பைக் குறைவில் வையுங்கள். ராவில் எடுத்தால் கேமராவின் குறைப்பு கோப்பைத் தொடாது, பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

அப்புறம், 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் படத்தை அழிக்காதீர்கள். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000. நெட்டுவாக்கில் எடுத்த படத்தை 1080 அகலமுள்ள போன் திரையில் பார்க்கும்போது, சுமார் 14 பிக்சல்கள் சேர்ந்து ஒரு புள்ளியாகிவிடும். பாதி மணல் அங்கேயே மறைந்துவிடும்.

உங்கள் கேமரா எதுவரை தாங்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சாயங்காலம் ஒரு பட்டுப்புடவையை நாற்காலியில் விரித்துப் போட்டு, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, 100-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். அதே அளவுக்கு ஷட்டர் வேகத்தையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜரிகை எந்த எண்ணில் கரையத் தொடங்குகிறது என்று குறித்துவையுங்கள். என்னுடைய பழைய ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் அது 6400-ஐத் தாண்டியதும் நடக்கிறது. அதனால் ஆட்டோ ஐஎஸ்ஓவின் மேல்வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/100 என்று வைத்திருக்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/100-இல் டியூப்லைட்டின் துடிப்பும் படத்தில் பட்டையாக விழுவதில்லை.