ஒப்பீட்டைச் சுருக்கும் பேட்ச் வந்தால் எங்கே பார்ப்பது

பாளையங்கோட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்பைலருக்கு (நிரலை எந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) வரும் பேட்சுகளை, அதாவது திருத்தங்களை, பார்ப்பதுதான் என் பிழைப்பு. போன மாதம் வண்ணார்பேட்டைத் தம்பி ஒருவன் தன் முதல் பேட்சைக் கொண்டுவந்தான். "சின்ன வேலைதான் அண்ணாச்சி, இருபது வரி" என்றான். இருபது வரி என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அ + 100 < 50 என்று வந்தால் கூட்டலைத் தூக்கிவிட்டு அ < -50 என்று மாற்றுகிறான். ஒரு கட்டளை மிச்சம். பள்ளிக்கூடக் கணக்கில் சரிதான். ஆனால் கணினி எண்ணுக்கு எல்லை உண்டு. அப்பாவின் பழைய வண்டியில் கிலோமீட்டர் 99999 தாண்டியதும் 00000 ஆனது மாதிரி அதுவும் சுற்றும்.

அதனால் முதலில், எண் குறியுள்ளதா (மைனஸும் வரும்) இல்லாததா (மைனஸ் வராது) என்று பாருங்கள். சி மொழியில் குறியுள்ள கூட்டல் எல்லை மீறாது என்று கம்பைலர் வைத்துக்கொள்ளலாம். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பில் அதற்கு 'என்எஸ்டபிள்யூ' (குறியுள்ள கணக்கு சுற்றாது) என்ற கொடி கூட்டலின் மேல் இருக்கும். பேட்ச் அதைக் கேட்கிறதா? கேட்காவிட்டால், 8 பிட் குறியில்லா எண்ணில் (0 முதல் 255 வரை) அ = 0 போட்டுப் பாருங்கள். 100 < 50 பொய். -50 அங்கே 206 ஆகிவிடும். 0 < 206 மெய். பேட்ச் அங்கேயே படுத்துவிட்டது.

கொடி இருந்தாலும் வேலை தீராது. தம்பியிடம் அ + 100 < -100 கொடுத்தேன். அவன் நிரல் -200 என்று கழித்தது. குறியுள்ள 8 பிட்டில் -128க்குக் கீழே இடமில்லை, அது 56 ஆகிவிட்டது. அ < 56! "என்ன அண்ணாச்சி இப்படிக் கவுத்துட்டிய" என்றான். உண்மையில் அந்தக் கூட்டல் -28க்குக் கீழே இறங்கவே இறங்காது, விடை எப்போதும் பொய். கழித்தல் கீழ் எல்லையை மீறினால் பொய் என்றும், மேல் எல்லையை மீறினால் மெய் என்றும் ஒப்பீட்டையே மடிக்கலாம், தைரியமில்லையென்றால் தொடாமல் விடலாம்.

இன்னொரு வகை, 'குறைவு' என்பதை 'வரை' ஆக்குவது. எக்ஸ்86 செயலியில் இசிஎக்ஸ் பதிவகத்தை (செயலிக்குள் எண் வைக்கும் இடம்) 128உடன் ஒப்பிட 6 பைட், 127உடன் ஒப்பிட 3 பைட். அதனால் < 128 என்பதை <= 127 ஆக்குவது லாபம். ஆனால் எல்எல்விஎம்மின் நடுக்கட்டம் 'வரை'யை 'குறைவு' ஆக்கும் பழக்கமுள்ளது. அங்கேயே நீங்கள் எதிர்ப்பக்கம் மாற்றினால் இரண்டும் மாறிமாறி இழுத்து, கம்பைலர் முடியவே முடியாது. இந்த மாற்றத்தைக் கடைசிக் கட்டத்தில், கட்டளை தேர்ந்தெடுக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கூட்டலின் விடையை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்றும் பாருங்கள். பயன்படுத்தினால் கூட்டல் எப்படியும் இருக்கும், லாபம் ஒன்றுமில்லை.

சரி, டெஸ்ட். 8 பிட்டில் அ, இரண்டு மாறிலிகள் (100, 50 இருக்கும் இடங்கள்) எல்லாவற்றையும் ஓட்டினால் 1,67,77,216 சேர்க்கைதான். தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும். ஓட்டாமல் என்னிடம் வராதீர்கள். எல்எல்விஎம் என்றால், மாற்றம் சரியா என்று நிரூபித்துப் பார்க்கும் அலைவ்2 கருவியிலும் போட்டு, எல்லா மாறிலிக்கும் நிரூபிக்கச் சொல்லுங்கள். மாறக்கூடாத இடத்தில் மாறாமல் இருக்கிறது என்று காட்டும் டெஸ்டும் வேண்டும். முதல்முறை எழுதுபவர்கள் மறப்பது அதைத்தான்.

தம்பியின் இருபது வரி இப்போது எழுபது. கூடியதில் பெரும்பாலும் டெஸ்ட்.