மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில், 12 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்; நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்கோ எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைக்கும் அரசு திறந்து வைத்திருக்கும் இந்த வாசலை, கலைக் கல்வித் திட்டமிடலின் மிக அருமையான பகுதியாகவே நான் கருதுகிறேன். கிராமத்துப் பெற்றோர் பலருக்கு இது இன்னும் தெரியாமலிருப்பது வருத்தமளிக்கிறது.

கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே பள்ளிக்கு நேரில் சென்று, தலைமையாசிரியரிடம் விண்ணப்பப் படிவத்தையும், அவ்வாண்டுக்குரிய கட்டணம், உதவித்தொகை, விடுதி வசதி ஆகியவற்றின் விவரத்தையும் கேட்டுப் பெறுங்கள். பாடப்பிரிவை உறுதிசெய்யுமுன் பிள்ளையை வகுப்பறை வாசலில் சிறிது நேரம் நிற்கவைத்து, தவிலோசையா வயலினா, எது அவனை அல்லது அவளை ஈர்க்கிறது என்று பொறுமையாகக் கவனியுங்கள்.

பிள்ளை 18 வயதுக்குள் தன் கலையில் திறமை பெற்றுவிட்டால், மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை இளமணி விருதுக்கும் விண்ணப்பிக்கலாம்.