சால்வை போர்த்துவதற்கு முன்: ரக்பி கிளப்பில் தன்னார்வலர்களைக் கௌரவிக்கும் முறை

ஏழு பேர் ரக்பியில் ஒரு பாதி ஆட்டம் 7 நிமிடம், நடுவில் 2 நிமிட இடைவேளை. 16 நிமிடத்தில் முடிந்துபோகும் அந்த ஆட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நடுவர், பக்கக் கோட்டில் கொடியோடு நிற்கும் இரண்டு டச் ஜட்ஜ், நேரம் பார்ப்பவர், முதலுதவிப் பெட்டியோடு ஒருவர், தண்ணீர் பாட்டிலோடு ஓடுபவர்கள், விடியும்போதே வந்து கோடு போட்டவர், பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் பேசி கேட் சாவி வாங்கி வைத்தவர். 12 ஜெர்சியிலும் ஏறிய செம்மண் கறையைப் போக்கி மடித்து அனுப்பியது யாரோ ஒரு பையனின் அம்மா. சேலத்தில் கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் ஆள் தானாகச் சேரும். ரக்பிக்குச் சேராது. இவர்களில் இரண்டு பேர் சோர்ந்து ஒதுங்கினால் அடுத்த ஞாயிறு பயிற்சியே தள்ளாடும்.

ஆண்டு விழாவில் நடப்பதோ வேறு. சிறப்பு விருந்தினருக்கு ஒரு சால்வை, நன்கொடையாளருக்கு ஒரு சால்வை, கடைசியில் மைக்கைப் பிடித்து "மற்றும் உழைத்த அனைவருக்கும் நன்றி". அந்த "அனைவரும்" யார் யார் என்று கிளப்பிடம் பட்டியலே இருக்காது. வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு

ஒரு 100 பக்க நோட்டு போதும். தேதி, பெயர், செய்த வேலை, ஆன நேரம், கைக்காசு என்று ஐந்து பத்தி. அன்றைய கேப்டன் அன்று மாலையே எழுதி, பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். செயலாளர் ஒருவரே எழுதினால் அவர் கண்ணில் பட்டவர்கள் மட்டும்தான் நோட்டில் இருப்பார்கள். மைதானத்துக்கு வெளியே நடக்கும் வேலைதான் அதிகம் விட்டுப்போகும்: ஜெர்சி துவைத்தது, வேன்காரரிடம் பேரம் பேசியது, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கியது. அதற்காகவே பக்கத்தின் கீழே நான்கு வரி தனியாக ஒதுக்குங்கள். ஒரு சீசன் முழுக்க எழுதிய பிறகுதான் விருது பற்றிய பேச்சு. நினைவை நம்பித் தேர்ந்தெடுத்தால், கடைசி மாதம் சுறுசுறுப்பாக இருந்தவருக்கும் சத்தமாகப் பேசுபவருக்கும்தான் போய்ச் சேரும்.

காசை முதலில் கொடுங்கள்

பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, ஐஸ், அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலம் வரை பைக் பெட்ரோல். எல்லாம் நூறு, இருநூறு. கேட்கக் கூச்சப்பட்டே விட்டுவிடுவார்கள், ஆறு மாதத்தில் அது பெரிய தொகையாகிவிடும். அதிகம் செலவழிப்பவர் கையில் 1,000 ரூபாய் முன்பணமாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஞாயிறுதோறும் ஜிபேயில் கணக்கு முடியுங்கள். 100 ரூபாய்க்குக் கீழே பில் கேட்க வேண்டாம், நோட்டில் எழுதியதே போதும். கிளப் பாக்கி வைத்திருக்கும் ஆளுக்கு மேடையில் சால்வை போர்த்துவது அவரைக் கேலி செய்வதற்குச் சமம்.

நன்றி சொல்வது

"கோடு போட்ட அண்ணனுக்கு நன்றி" என்பதில் ஒன்றுமில்லை. முழு அளவு மைதானம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். சுற்றுக்கோடு, நடுக்கோடு, இரு பக்கமும் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டர் தள்ளிக் குறுக்கே போடும் கோடு, இவை மட்டுமே 550 மீட்டர். விட்டுவிட்டுப் போடும் கோடுகளும் கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியும் இன்னும் இருக்கின்றன. டாக்கிளில், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்க்கும்போது, முகம் தரையில் உரசும் ஆட்டம் என்பதால், கண்ணையும் தோலையும் அரிக்கும் சுண்ணாம்பைத் தவிர்த்து சாக் பவுடர் தேடி வாங்கி வந்திருப்பார். அதைச் சொல்லுங்கள்: "வெயில் ஏறுமுன் 550 மீட்டர் கோடு போட்டார், சாக் பவுடரில் போட்டதால் யார் கண்ணும் எரியவில்லை." செய்த வேலை புரிந்தது என்று தெரிந்தாலே அவருக்குப் பாதி நிறைவு. அன்றே சொல்லுங்கள், ஆட்டம் முடிந்து வட்டமாக நிற்கும்போது கேப்டன் வாயால் வரட்டும்.

ரக்பியிலேயே இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஓர் அணி இரண்டு வரிசையாக நின்று, நடுவில் நடந்து போகும் எதிரணிக்குக் கைதட்டும். சீசனின் கடைசி ஆட்டத்தில் அந்த வரிசைக்கு நடுவே தண்ணீர் தூக்கியவரையும் ஜெர்சி துவைத்த அம்மாவையும் நடக்க விடுங்கள். செலவே இல்லை.

முதலுதவி பார்ப்பவருக்கு மட்டும் கைதட்டல் போதாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுக்க வேண்டும், அன்று மறுபடி இறக்கக் கூடாது என்பது சர்வதேச ரக்பி அமைப்பான வேர்ல்டு ரக்பியின் வழிகாட்டல். அரையிறுதியில் முக்கியமான பையனை அவர் வெளியே உட்கார வைப்பார். பையன் முறைப்பான், அவன் அப்பா எகிறுவார். அந்த நேரத்தில் கோச் எல்லார் காதிலும் விழும்படி "அக்கா சொன்னால் சொன்னதுதான்" என்று சொல்லாவிட்டால், டிசம்பரில் நீங்கள் கொடுக்கும் ஷீல்டுக்கு அர்த்தமே கிடையாது. நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம் என்ற ஒழுங்கை உள்ளூர்ப் பயிற்சி ஆட்டத்திலும் காப்பாற்றுங்கள். விசில் ஊதும் கல்லூரிப் பையனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஆட்டம் முடிந்து தட்டுவடை செட் வாங்கினால், பரிமாறுகிறவர் கடைசியாகத்தான் எடுப்பார். அதற்குள் சட்னியும் கேரட் துருவலும் ஊறி தட்டுவடை நமத்துப்போயிருக்கும். வரிசையை மாற்றுங்கள்: ஆட்டக்காரர்கள் பரிமாறட்டும், வேலை பார்த்தவர்கள் முதலில் சாப்பிடட்டும்.

விழா என்று வைத்தால்

தன்னார்வலர்களை முதலில் கூப்பிடுங்கள், விருந்தினர் உரை பிறகு. விருந்தினர் தாமதமாக வந்தாலும் நிகழ்ச்சி நிற்காது. ஷீல்டில் பொறிக்கும் பெயரை அச்சுக்குக் கொடுக்குமுன் உரியவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி சரிபாருங்கள். இனிஷியல்தான் அதிகம் தவறும். கல்யாணமான பெண்கள் அப்பா இனிஷியல் வைத்திருக்கிறார்களா கணவர் இனிஷியலா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தப்பாக அடித்த ஷீல்டை யாரும் அலமாரியில் வைக்க மாட்டார்கள். ஏற்காட்டிலிருந்து வருபவர் இருந்தால் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு விழா நேரத்தை வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் இருட்டில் பைக்கில் ஏறச் சொல்ல முடியாது. மேடை பிடிக்காதவரை இழுக்காதீர்கள், ஒரு கடிதம் போதும்.

பொருள் கொடுப்பதாக இருந்தால், பல வருடம் உழைத்தவருக்கு ஷீல்டை விட செவ்வாய்ப்பேட்டை பட்டறையில் பெயர் பொறித்த 5 கிராம் வெள்ளிக் காசு நல்லது. வெள்ளி விலை தினமும் மாறும், அதனால் எடைக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு முன்பணம் கொடுத்துவிடுங்கள். மாணவர்களுக்குச் சான்றிதழ்தான் தேவை. "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று மட்டும் எழுதினால் எங்கும் செல்லாது. எந்த வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம் என்று நோட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வையுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் கணக்கு. அதில் சேருமா என்று கல்லூரித் திட்ட அலுவலரிடம் சீசன் தொடங்குமுன்பே கேட்க வேண்டும், முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பலர் கவனிக்காத வம்பு ஒன்று உண்டு. "ஜெர்சின்னா நம்ம அம்மாதான்" என்று நான்கு தடவை புகழ்ந்தால், அந்த வேலை நிரந்தரமாக அவர் தலையில் விழும். இனி அவரால் மறுக்கவும் முடியாது. புகழ்ந்த கையோடு சுழற்சி அட்டவணை போடுங்கள், ஒருவருக்கு மாதம் ஒரு முறைக்கு மேல் வராதபடி.

வேலை மாற்றம், கல்யாணம், பரீட்சை என்று ஒருவர் விலகும்போது சத்தமில்லாமல் குழுவிலிருந்து நீக்கிவிடாதீர்கள். கைக்காசுக் கணக்கை முடித்து, சாவியைப் பெற்றுக்கொண்டு, மணிக்கணக்கோடு கூடிய கடிதத்தை நேரில் கொடுங்கள். குழுவில் இருப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.